அச்சகத்து சர்வருக்கு மாறாத முகவரி: லினக்ஸில் ஸ்டாட்டிக் ஐபி அமைப்பது

சிவகாசியில் நான் கவனித்துக்கொள்ளும் சின்ன அச்சகங்களில் கணினி அமைப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். டிசைன் மேசையில் மூன்று நான்கு விண்டோஸ் கணினிகள். கோரல்ட்ராவும் ஃபோட்டோஷாப்பும் அவற்றில் ஓடும். ஓரமாக ஒரு பழைய டெஸ்க்டாப், அதுதான் சர்வர். அதில் லினக்ஸ் மின்ட் போட்டு, விண்டோஸ் கணினிகளோடு ஃபோல்டரைப் பகிர உதவும் சாம்பா வழியாக ‘வேலை’ என்று ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்திருப்பேன். காலண்டர் தலைப்பு, நோட்டு அட்டை, பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாக் கோப்பும் அங்கேதான் சேரும். பிளேட் போட அனுப்புவதும் அங்கிருந்துதான்.

இந்த அமைப்பில் எனக்கு அதிகம் வரும் அழைப்பு ஒன்றுதான். “அக்கா, வேலை ஃபோல்டர் திறக்கலக்கா. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.” ராத்திரி கரண்ட் போச்சா என்று கேட்பேன். போயிருக்கும்.

சர்வர் கெட்டுப்போயிருக்காது, கோப்பு எதுவும் தொலைந்திருக்காது. வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், அதாவது ஐபி முகவரி, மாறியிருக்கும். டிசைன் கணினிகள் பழைய 192.168.1.37ஐத் தட்டிக்கொண்டிருக்கும்; சர்வரோ 192.168.1.42க்குப் போயிருக்கும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் வரத் தொடங்கும் ஊர் இது. அந்த மாதங்களில் ஒரு மணி நேரம் ஃபோல்டர் திறக்காவிட்டால் மிஷினும் நிற்கும், ஆட்களும் நிற்பார்கள். பொறுமையாக உட்கார்ந்து முகவரியை ஒருமுறை நிலைப்படுத்திவிட்டால் அந்த அழைப்பு வராது. பில்லிங் கடை, டியூஷன் சென்டர், போட்டோ ஸ்டுடியோ எதற்கும் வழி இதேதான்.

முகவரி ஏன் மாறுகிறது

ரவுட்டர் கல்யாணப் பந்தி மாதிரி. வருகிறவர் எந்த இலை காலியோ அதில் உட்காரலாம். அடுத்த பந்தியில் அதே இலை கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. இப்படித் தானாக முகவரி வழங்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993இல் வந்தது. ஒவ்வொரு முகவரியையும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகத் தரும். பாதிக்காலம் கழிந்ததும் கணினி அதைப் புதுப்பிக்கக் கேட்கும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதே முகவரி நீடித்துக்கொண்டே போகும். அதனால்தான் பல மாதம் பிரச்சினையே தெரிவதில்லை.

சிக்கல் கரண்ட் போய் வரும்போதுதான். பல ரவுட்டர்களில் குத்தகைக் கணக்கு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனால் கணக்கும் போய்விடும். மறுபடி கரண்ட் வந்ததும் யூபிஎஸ் இல்லாத கணினிகள், செல்போன்கள், பிரின்டர் எல்லாம் ஒரே நேரத்தில் முகவரி கேட்கும். முன்பு சர்வர் வைத்திருந்த எண் இப்போது யாரோ ஒருவரின் போனுக்குப் போயிருக்கலாம்.

செல்போனுக்கு எண் மாறினால் ஒன்றும் ஆகாது, அது பிறரைத் தேடிப் போகிற சாதனம். பிறர் தேடி வருகிற சாதனங்களுக்குத்தான் மாறாத எண் வேண்டும்: ஃபைல் சர்வர், பிரின்டர், கேமரா ரெக்கார்டர்.

இணையக் கம்பெனி விற்கும் ஸ்டாட்டிக் ஐபி வேறு

“மாசாமாசம் பணம் கட்டணுமாமே அம்மா?” என்று அச்சக அண்ணாச்சிமார் கேட்பார்கள். இணையக் கம்பெனியில் விசாரித்தால் அப்படித்தான் பதில் வரும். அவர்கள் சொல்வது வெளியுலகத்தில் உங்கள் இணைப்புக்கு இருக்கும் முகவரி. ஊருக்கு வெளியிலிருந்து உங்கள் கணினியை நேரடியாக அடைய வேண்டுமென்றால்தான் அது தேவை. அச்சகத்துக்குள்ளேயே ஒரு கணினி இன்னொன்றைக் கண்டுபிடிக்க நாம் வைக்கும் முகவரிக்குக் காசு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

உள்ளூர்ப் பயன்பாட்டுக்கென்றே மூன்று தொகுதி எண்கள் 1994 முதல் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 10இல் தொடங்கும் எல்லா முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும், 192.168 என்று தொடங்குபவையும். இவை இணையத்தில் செல்லாது. அதனால்தான் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே 192.168.1.1 இருந்தும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன்

இந்த வேலையில் தட்டச்சு செய்வது கொஞ்சம்தான். எந்த எண் என்று முடிவெடுப்பதுதான் முழு வேலையும். அவசரப்பட்டு ஏதோ ஒரு எண்ணைப் போட்டு, அது இரண்டு வாரம் ஒழுங்காக ஓடி, மூன்றாவது வாரம் ஒரு போனோடு மோதி நிற்பதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே பேனா, காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சர்வரில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறங்கள். கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன். அச்சகத்துப் பிள்ளைகளுக்குப் போனில் சொல்வதும் இப்படித்தான். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து.

ஐ, பி, ஒரு இடைவெளி, ஏ. என்டர்.

சில பத்திகள் வரும். முதலாவதாக வரும் ‘எல்ஓ’ என்பது கணினி தனக்குத் தானே பேசிக்கொள்ளும் வழி, அதை விடுங்கள். அடுத்து ஈ, என் என்று தொடங்கும் பெயரில் ஒன்று இருக்கும். அதுதான் கேபிள் சொருகும் லேன் போர்ட். டபிள்யூ, எல் என்று தொடங்குவது வைஃபை. லேன் பத்தியில் ‘இனெட்’ என்ற சொல்லுக்கு அடுத்து 192.168.1.37/24 போல ஒன்று தெரியும். அதே வரியில் ‘டைனமிக்’ என்றும், கீழ்வரியில் இத்தனை நொடி செல்லும் என்று குறைந்துகொண்டே போகும் ஓர் எண்ணும் இருக்கும். குத்தகையின் அடையாளம் அது. இதை நினைவில் வையுங்கள், வேலை முடிந்ததும் மறுபடி பார்ப்போம்.

அடுத்து: ஐ, பி, இடைவெளி, ஆர். ‘டிஃபால்ட் வயா’ என்று தொடங்கும் வரியில் உள்ள எண்தான் கேட்வே, அதாவது ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1 என்று இருக்கும். இதை யூகித்து எழுதாதீர்கள், திரையில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

முகவரிக்குப் பின்னால் வரும் /24 என்பதும் 255.255.255.0 என்பதும் ஒன்றே. ஒரு முகவரியில் 32 பிட். அதில் முதல் 24 பிட், அதாவது முதல் மூன்று எண்கள், எல்லாக் கணினிக்கும் பொது. கடைசி எண் மட்டும் அவரவருக்கு உரியது. 0 முதல் 255 வரை 256 எண்கள். 0 வலையமைப்பின் பெயர், 255 எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைப்பதற்கு. மீதி 254ஐத்தான் சாதனங்களுக்குக் கொடுக்க முடியும்.

இப்போது உலாவியில் ரவுட்டரின் முகவரியைப் போட்டு உள்ளே போங்கள். டிஎச்சிபி என்ற பக்கத்தில் தொடக்க முகவரி, முடிவு முகவரி என இரண்டு இருக்கும். தானாக வழங்கும் எண்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளவை. சில ரவுட்டர்கள் 100இலிருந்து தொடங்கும். சில 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருக்கும். அப்படி இருந்தால் முதல் வேலை அதைச் சுருக்குவது: தொடக்கம் 192.168.1.100, முடிவு 192.168.1.199 என்று மாற்றிச் சேமியுங்கள். நூறு செல்போன் வந்தாலும் போதும். 2 முதல் 99 வரை இப்போது உங்கள் கையில்.

நிலையான எண்ணைத் தானியங்கி வரம்புக்கு வெளியேதான் எடுக்க வேண்டும். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். வரம்புக்குள்ளேயே ஒன்றை எடுத்து “இப்போ காலியாத்தானே இருக்கு” என்று வைத்துவிட்டால், சர்வர் அணைந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டர் அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். திங்கட்கிழமை காலையில் இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண்.

நான் எல்லா அச்சகத்திலும் ஒரே ஒழுங்கு வைத்திருக்கிறேன். 1 ரவுட்டர். 10 ஃபைல் சர்வர். 20களில் பிரின்டர்கள். 30களில் டிசைன் கணினிகள். 50களில் கேமரா ரெக்கார்டர் போன்றவை. 100க்கு மேல் போவோர் வருவோர். எந்த அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தாலும் சர்வர் 10 என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம். இதை ஒரு அட்டையில் எழுதி ரவுட்டர் மாட்டியிருக்கும் சுவரில் ஒட்டிவிடுவேன். அச்சகத்தில் அட்டைக்குப் பஞ்சமா! நாளைக்கு நான் இல்லாமல் வேறு ஆள் வந்தாலும் அதைப் பார்த்து வேலை செய்யலாம்.

எடுத்த எண் உண்மையிலேயே காலியா?

192.168.1.10ஐ எடுக்கப்போகிறோம். வேறு எவரிடமும் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். எல்லாச் சாதனங்களையும், பிரின்டர் உட்பட, ஆன் செய்துவிட்டுப் பாருங்கள்.

பி, ஐ, என், ஜி, இடைவெளி, 192.168.1.10. என்டர். நாலைந்து நொடி விட்டு கன்ட்ரோலோடு சி அழுத்தி நிறுத்துங்கள். லினக்ஸில் பிங் தானாக நிற்காது.

பதில் வந்தால் அந்த எண் வேறு எவரிடமோ இருக்கிறது. பதில் வராவிட்டால் காலி என்றுதான் பலரும் முடிவு கட்டுகிறார்கள். அது போதாது. விண்டோஸின் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்குப் பதில் தர விடாது. கணினி இருக்கும், பேசாது. ஆனால் அதற்கும் கீழே ஓர் அடுக்கு இருக்கிறது. ஏஆர்பி என்று பெயர், 1982இலிருந்து இருப்பது. “இந்த எண் யாருடையது?” என்று லேனில் கேட்டால் அந்தச் சாதனம் தன் மேக் முகவரியை, அதாவது அதன் லேன் அல்லது வைஃபை கார்டுக்கே உரிய தனி எண்ணை, சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அதற்கு வலையமைப்பே நடக்காது. பிங் கொடுத்தபோதே இந்தக் கேள்வியும் போய்விட்டது. பதிலைப் பார்க்க: ஐ, பி, இடைவெளி, என்.

பட்டியலில் 192.168.1.10க்கு நேராக இரண்டிரண்டாகப் பிரிந்த பன்னிரண்டு எழுத்தெண்கள் தெரிந்தால் அங்கே ஒரு சாதனம் ஒளிந்திருக்கிறது. ‘ஃபெயில்டு’ அல்லது ‘இன்கம்ப்ளீட்’ என்றிருந்தால் காலி. தாராளமாக எடுக்கலாம்.

லினக்ஸ் மின்டில் அமைப்பது

சர்வர் முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். தொலைவிலிருந்து இணைந்து செய்தால், முகவரி மாறும் அந்த நொடியே உங்கள் இணைப்பும் அறுந்துவிடும்.

கீழே வலது ஓரத்தில் வலையமைப்பு ஐகானைச் சொடுக்கி நெட்வொர்க் செட்டிங்ஸ் போங்கள். இடப்பக்கம் வயர்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால், வலப்பக்கம் ஒரு பல்சக்கர ஐகான் இருக்கும். அதைத் திறந்து ஐபிவி4 பகுதிக்குப் போங்கள். ஆட்டோமேட்டிக் என்றிருப்பதை மேனுவல் என்று மாற்றுங்கள். இப்போது மூன்று கட்டங்கள் தெரியும்.

அட்ரஸ் கட்டத்தில் 192.168.1.10. நெட்மாஸ்க் கட்டத்தில் 255.255.255.0. கேட்வே கட்டத்தில் நீங்கள் எழுதி வைத்த ரவுட்டர் எண், 192.168.1.1.

டிஎன்எஸ் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக்கை அணைத்துவிட்டு, 192.168.1.1, 8.8.8.8 என்று காற்புள்ளியிட்டு இரண்டையும் எழுதுங்கள். பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். முதலாவது உங்கள் ரவுட்டர். இரண்டாவது கூகுள் 2009இலிருந்து பொதுமக்களுக்குத் தரும் சேவை. 8.8.8.8க்குப் பதில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போட்டாலும் சரிதான். இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபோல்டர் திறக்கும், ஆனால் சர்வரில் அப்டேட் ஓடாது. தானாக முகவரி வாங்கிய நாளில் டிஎன்எஸ்ஸும் கூடவே கிடைத்தது. இப்போது நாமே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஐபிவி6 பகுதியைத் தொட வேண்டாம், ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கட்டும். அப்ளை கொடுங்கள். பிறகு வயர்டு இணைப்பின் சுவிட்சை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள். அப்போதுதான் புதிய எண் நடைமுறைக்கு வரும்.

உபுண்டு டெஸ்க்டாப்பிலும் கட்டங்கள் இதே மாதிரிதான். இரண்டிலும் பின்னால் வேலை செய்வது 2004இல் ரெட் ஹேட் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர்.

மானிட்டரில் டெஸ்க்டாப் வராத சர்வர் என்றால் டெர்மினலில் என், எம், டி, யு, ஐ (nmtui) என்று தட்டுங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் முன்னால் சூடோ (sudo, நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது) சேர்த்துக்கொள்ளுங்கள். நீலப் பின்னணியில் ஒரு பழங்காலத் திரை வரும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. அம்புக்குறி, டேப், என்டர் மூன்றும் தெரிந்தால் போதும், மவுஸ் வேண்டாம். முதலாவதாக இருக்கும் எடிட் எ கனெக்‌ஷன், பிறகு வயர்டு கனெக்‌ஷன், பிறகு எடிட். ஐபிவி4 என்ற வரியில் ஆட்டோமேட்டிக்கை மேனுவல் ஆக்கி, பக்கத்தில் உள்ள ஷோ மேல் என்டர் கொடுத்தால் கட்டங்கள் விரியும். இங்கே நெட்மாஸ்க்குக்குத் தனிக் கட்டம் கிடையாது. முகவரியோடு சேர்த்து 192.168.1.10/24 என்று எழுத வேண்டும். அந்த /24 விட்டுப்போகக் கூடாது. மற்றவை முன்போலத்தான். கீழே இறங்கி ஓகே கொடுத்து வெளியே வந்து, ஆக்டிவேட் எ கனெக்‌ஷனில் அதே இணைப்பை நிறுத்தி மறுபடி இயக்குங்கள்.

இணையத்தில் தேடினால் ஐபி கட்டளையிலேயே ஒரு வரியில் முகவரியைச் சேர்க்கும் வழியைச் சிலர் எழுதியிருப்பார்கள். அந்த நேரத்துக்கு வேலை செய்யும், கணினியை அணைத்துப் போட்டால் போய்விடும். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும் வரிசை

மறுபடி ஐ, பி, இடைவெளி, ஏ. இப்போது 192.168.1.10/24 தெரிய வேண்டும். முக்கியமாக, முன்பு இருந்த ‘டைனமிக்’ என்ற சொல் மறைந்திருக்கும். நொடிக்கணக்கு இருந்த இடத்தில் ‘ஃபாரெவர்’ வந்திருக்கும். எண் மட்டும் சரியாக இருந்து டைனமிக் அப்படியே இருந்தால், அமைப்பு இன்னும் ஏற்கப்படவில்லை.

பிறகு மூன்று பிங், இதே வரிசையில். முதலில் ரவுட்டர் 192.168.1.1. இதற்குப் பதில் இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள், அடுத்து முகவரியையும் நெட்மாஸ்க்கையும் பாருங்கள். இரண்டாவது 8.8.8.8. ரவுட்டர் பேசி இது பேசவில்லை என்றால் கேட்வே எண் தவறு, அல்லது இணையமே இல்லை; போனில் வைஃபை போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மூன்றாவது ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால் டிஎன்எஸ் கட்டத்தில்தான் கோளாறு. இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் எந்தக் கட்டத்தில் தவறு என்று தானே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கத் தேவையிருக்காது.

கடைசியாக சர்வரையும் ரவுட்டரையும் முழுதாக அணைத்து, ரவுட்டரைக் கடைசியாக ஆன் செய்து பாருங்கள். நாளைக்குக் கரண்ட் போய் வரும்போது நடக்கப்போவது அதுதானே. அண்ணாச்சி முன்னிலையிலேயே இதைச் செய்து காட்டுவேன்.

விண்டோஸ் பக்கம்

டிசைன் கணினிகளில் பழைய எண்ணுக்குப் போட்டிருந்த டிரைவ் மேப்பிங்கை (பகிர்ந்த ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தில் காட்டும் இணைப்பு) நீக்கிவிட்டு, \\192.168.1.10\வேலை என்று புதிதாகப் போடுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் பழைய ஷார்ட்கட்டுகளைத் தேடி அழியுங்கள்; ஒன்று மிச்சமிருந்தாலும் அதைச் சொடுக்கிவிட்டு “இன்னும் வரலக்கா” என்பார்கள். கோரல்ட்ரா கோப்புகளில் படங்களை உள்ளே சேர்க்காமல் இணைப்பாக வைத்திருந்தால், டிரைவ் எழுத்து முன்பு இருந்ததே இருக்கும்படி பாருங்கள். இசட் என்று இருந்தால் இசட்டே வையுங்கள், படங்கள் தொலையாமல் வரும்.

டிசைன் கணினிகளுக்கும் பிரின்டருக்கும்கூட நான் நிலையான எண்தான் வைக்கிறேன். எல்லாக் கேபிளையும் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றில் சொருகி, அதிலிருந்து ஒரே ஒரு கேபிளை ரவுட்டருக்கு விடுங்கள். இப்படி இருந்தால் ரவுட்டர் கெட்டுப்போன நாளிலும் இணையம் மட்டும்தான் இருக்காது. ஃபோல்டர் திறக்கும், பிரின்ட் வரும், வேலை நடக்கும். தானியங்கியில் விட்ட விண்டோஸ் கணினி ரவுட்டர் கிடைக்காதபோது 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே எடுத்துக்கொண்டு தனித்துப் போய்விடும். எந்தக் கணினியிலாவது அந்த எண்ணைப் பார்த்தால், அது முகவரி கேட்டுக் கிடைக்காமல் நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேறு லினக்ஸ்கள் பற்றிச் சுருக்கமாக

ராஸ்பெர்ரி பையை சர்வராக வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று. 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து அதுவும் நெட்வொர்க் மேனேஜருக்கு மாறிவிட்டது. டிஎச்சிபிசிடி என்ற கோப்பைத் திருத்தச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் அதில் பலிக்காது. மேலே சொன்ன நீலத் திரையே போதும்.

உபுண்டு சர்வரில் வழி வேறு. 17.10 பதிப்பு முதல் நெட்பிளான். ஈடிசி ஃபோல்டருக்குள் நெட்பிளான் ஃபோல்டர், அதற்குள் யாமல் கோப்பு. அதில் டிஎச்சிபி4க்கு நேராக ஃபால்ஸ் என்று போட்டு, முகவரி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் எழுத வேண்டும். உள்தள்ளலுக்கு இடைவெளி மட்டும்தான், டேப் விசை ஆகாது; ஓர் இடைவெளி பிசகினாலும் ஏற்காது. எழுதியதும் உடனே அப்ளை கொடுக்காமல் நெட்பிளான் ட்ரை என்று கொடுங்கள். புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 நொடி உங்களுக்காகக் காத்திருக்கும். என்டர் அழுத்தாவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்யும்போது இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

எண் மோதல்

ஃபோல்டர் ஒரு நிமிடம் திறக்கிறது, மறுநிமிடம் தொங்குகிறது, பிறகு தானே சரியாகிறது என்றால் முதலில் எண் மோதலைச் சந்தேகியுங்கள். ஹார்ட் டிஸ்க், கேபிள், வைரஸ் எல்லாம் பிறகு. வேறொரு லினக்ஸ் கணினியிலிருந்து 10க்குப் பிங் கொடுத்து, ஐ, பி, இடைவெளி, என் பாருங்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள். மேக் முகவரி மாறி மாறி வந்தால் இரண்டு பேர் ஒரே எண்ணில் இருக்கிறார்கள். சர்வர் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிங் கொடுத்தும் பதில் வந்தால் இன்னும் உறுதி. அந்த மேக் முகவரியை ரவுட்டரின் சாதனப் பட்டியலில் தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார். பெரும்பாலும் யாரோ புதிதாக மாட்டிய கேமரா ரெக்கார்டராக இருக்கும்.

இன்னொரு காரணம், சர்வரே கேபிளிலும் வைஃபையிலும் ஒரே நேரத்தில் இணைந்திருப்பது. நீங்கள் வைத்த எண் வயர்டு இணைப்புக்கு மட்டும்தான் பொருந்தும். வைஃபை வேறு எண் வாங்கிக்கொண்டு குழப்பும். சர்வரில் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

லேப்டாப்புக்கு இந்த முறை வேண்டாம்

அச்சகத்தில் வைத்த நிலையான எண்ணோடு லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே இணையம் வராமல் போகலாம். இடம் மாறும் சாதனங்களுக்கு ரவுட்டரிலேயே ரிசர்வேஷன் செய்யுங்கள்: அதன் மேக் முகவரியைக் கொடுத்து, “இது வந்தால் இந்த எண்ணையே கொடு” என்று பதிவு செய்வது. லேப்டாப் தானியங்கியிலேயே இருக்கும், அச்சகத்துக்கு வந்தால் தன் எண் கிடைக்கும். சர்வருக்கும் இதையே செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் அந்தப் பதிவு இருப்பது ரவுட்டரில். ரவுட்டரை மாற்றினாலோ ரீசெட் செய்தாலோ பதிவும் போய்விடும். சர்வர் தன் எண்ணைத் தானே வைத்திருப்பதுதான் எனக்கு நிம்மதி.

இணையக் கம்பெனியை மாற்றும்போது

நிலையான எண்கள் எல்லாம் ஒரே நாளில் திக்கற்றுப் போவது அப்போதுதான். பழைய ரவுட்டர் 192.168.1.1, புதிதாக வந்தது 192.168.29.1. நிறுவ வந்தவர் வைஃபை வருகிறதா என்று போனில் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சர்வர் இன்னும் இல்லாத கேட்வேயைத் தேடிக்கொண்டிருக்கும். தானியங்கியில் விட்ட கணினிகள் 29க்குப் போய்விடும், நிலையான எண் வைத்தவை 1இலேயே நிற்கும். இரண்டும் ஒரே சுவிட்சில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காது.

சர்வரைத் தொடாதீர்கள், ரவுட்டரை மாற்றுங்கள். சுவிட்ச் கேபிளை இன்னும் சொருகாமல், தானியங்கியில் உள்ள ஒரு லேப்டாப்பை மட்டும் புதிய ரவுட்டரில் இணைத்து உள்ளே போய், லேன் முகவரியை 192.168.1.1 ஆக்குங்கள். டிஎச்சிபி வரம்பை 100 முதல் 199 வரை வையுங்கள். சேமித்ததும் ரவுட்டர் மறுபடி தொடங்கும். லேப்டாப் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டினால் புதிய வரம்பில் எண் வாங்கும். அதன்பின் சுவிட்ச் கேபிளைச் சொருகுங்கள். அச்சகத்துக்குள் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

லேன் முகவரியை மாற்ற முடியாதபடி பூட்டி வைத்த ரவுட்டர் வந்துவிட்டால், சுவரில் ஒட்டிய அட்டையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மூன்றாவது எண்ணை மட்டும் மாற்றி, கடைசி எண்ணை அப்படியே வையுங்கள்: சர்வர் 192.168.29.10, பிரின்டர் 192.168.29.21. கேட்வேயையும் முதல் டிஎன்எஸ்ஸையும் கூடவே 192.168.29.1 ஆக்க மறக்க வேண்டாம். முதலில் சர்வர், அடுத்து பிரின்டர், கடைசியில் டிசைன் கணினிகளும் அவற்றின் டிரைவ் மேப்பிங்கும். அட்டையில் பழைய எண்களை அடித்துவிட்டுப் புதியவற்றைத் தேதியோடு எழுதி, அதே இடத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.